பாட்டின் நடு

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா.
என்னுடையது ஆறாவது.
மார்கழி விடியலில் பஜனைக் கூட்டம்
மேல்முனைப் பிள்ளையாரடியில் பாட்டை எடுத்து
பீலிக்கரை தாண்டி
அம்மன் கோயிலில் இறக்கி வைக்கும்.
ஆகவே எந்தப் பாட்டிலும்
எனக்குத் தெரிந்தது நடு மட்டும்.

தலையும் காலும் இல்லாத பாட்டுகள்
பதினெட்டு வருசமாக
என் தகரக் கதவைக் கடந்து போயின.
எட்டிப் பார்க்க நேரமில்லை.
ஆறரைக்குப் பெரட்டு.
அதற்குள் ரொட்டி, கீரை, தேத்தண்ணி,
மகளுக்கு ரெட்டைப் பின்னல்.

சன்னாசியின் ஆர்மோனியம்
மூன்றாம் காம்பராவில் மூச்சு வாங்கும்போது
வல்லாரையை அலசி முடித்திருப்பேன்.
பெரியண்ணனின் டோலக் என் சுவரைத் தொடும்போது
கடுகு வெடிக்கும்.
ஜால்ரா கானோரம் தேயும்போது
தேங்காய்ப்பூ தூவி இறக்குவேன்.
வீட்டில் கடிகாரம் உண்டு.
அது ஓடாது.

ஒரு பாட்டு மட்டும் நாளெல்லாம் விரலில் ஒட்டும்:
"எத்தனை தரம்தான் கேட்பது,
அடுப்பு எரிவது தெரியுதே."
அம்மனிடம் நாங்கள் கேட்பது என்றிருந்தேன்.
நாங்கள் கேட்காததா?
கூலி கேட்டோம், கூரைக்குத் தகரம் கேட்டோம்,
காணிக்கு ஒரு துண்டுக் கடுதாசி கேட்டோம்.
நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கையில்
அந்த ரெண்டு வரியைத்தான் முணுமுணுப்பேன்,
கணக்கப்பிள்ளை காதில் விழுகிற மாதிரி.

இந்த மார்கழி மழை விடவில்லை.
நமுனுகுலை நாலு நாளாகக் கண்ணில் படவில்லை.
லயத்துக்குப் பின்னால் மண் வாய் திறந்தது,
ஒரு விரல் நுழையும் அளவு.
மறுநாள் ஒரு கை.
கிராம சேவகர் வந்து சொன்னார்:
இருட்டுமுன் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு.

அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம்,
மகளின் புத்தகம் என்று
வீரமலை மூட்டை கட்டினார்.
நான் பின்பக்கம் போனேன்.
சரிந்தால் முதலில் போவது என் கீரைப்பாத்தி.
வல்லாரை, பொன்னாங்காணி,
வேலியில் ஏறிய பூசணிக் கொழுந்து,
யாரும் விதைக்காமல் வந்த மணத்தக்காளி.
ரெண்டு இலையும் மொட்டும் என்று பழகிய விரல்
அன்று வேர்வரை போனது.
"உசிரு போகுது, இவ கீரை புடுங்குறா"
என்று கத்தினாள் பக்கத்துக் காம்பரா மதலேனா.
கத்திக்கொண்டே
தன் பாத்தியையும் பிடுங்கினாள்.

பள்ளி மண்டபம். நாற்பத்தொரு குடும்பம்.
பிள்ளைகளுக்குச் சமைக்கும் பெரிய கிடாரத்தில்
நிவாரணப் பருப்போடு
மூன்று லயத்துக் கீரையும் வெந்தது,
இன்ன கீரை என்று பேர் சொல்ல முடியாமல்.

நாலரைக்குச் சன்னாசி எழுந்தார்.
சுற்றிவர வாசல்கள் இல்லை.
கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்தே பாடினார்கள்.
கையில் அகப்பையோடு நான்
முதல் தடவையாக
அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டேன்:

"மலையை விட்டு இறங்கி வந்தேன்,
மழையில் நனைந்து நிற்கிறேன்,
வாசல்தோறும் தட்டிப் பார்த்தேன்..."

கேட்பது நாங்கள் இல்லை.
அவள்.

எத்தனை தரம்தான் கேட்பது.
அடுப்பு எரிவது தெரியுதே.
பதினெட்டு மார்கழியும்
சரியாக என் கதவுக்கு நேரே வந்து
இதைச் சொல்லியிருக்கிறாள்.
நான் உள்ளே கடுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவும் வந்தது, சின்ன முடிவு:
"வெந்தது எதுவோ, அது போதும்."
பெரியண்ணன் இருமினார்.
யாரோ பிள்ளைக்கு மூக்குச் சிந்தினார்கள்.

ஒரு சிரட்டையில் அள்ளி
மழை தெறிக்கும் படியில் வைத்துவிட்டு வந்தேன்.
மதலேனா, வேதக்காரி,
அகப்பையில் விரல் தொட்டு நக்கினாள்.
"உப்பே போடலயேடி."

ஓடிப் போய்ப் பார்த்தேன். சிரட்டை காலி.
பள்ளிக்கூடத்து நாய்
வாயை நக்கிக்கொண்டு நின்றது.
அதுவும்
நனைந்துதான் இருந்தது.